'பெயில்' திரும்பி வந்திருக்கிறது: பிள்ளைகளின் மனதைக் கேட்டவர் யார்?

'பெயில்' என்ற சொல் மராட்டிய மாநிலப் பள்ளிக்கூடங்களுக்குத் திரும்பி வந்து விட்டது. 5-ம் வகுப்பிலும் 8-ம் வகுப்பிலும் ஆண்டு முடிவில் பரீட்சை. ஒவ்வொரு பாடத்திலும் 35 சதவீத மார்க்கு எடுக்க வேண்டும். எடுக்காதவர்களுக்கு மறு பரீட்சை. அதிலும் தவறினால் அதே வகுப்பில் இன்னொரு வருடம். 2023-24-ம் கல்வி ஆண்டில் இருந்து மாநில அரசு இந்த ஏற்பாட்டைக் கொண்டு வந்தது.

உல்லாஸ்நகர், அம்பர்நாத், கல்யாண் பகுதிகளிலும், தாராவி, மாட்டுங்கா, செம்பூரிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது ஏதோ பள்ளிக்கூடத்துச் சேதி அல்ல. விடியற்காலை லோக்கலைப் பிடித்து வேலைக்குப் போய், இரவு வீடு திரும்பும் தகப்பனுக்குப் பிள்ளையின் படிப்பைப் பற்றித் தெரிய வருவதே பிராக்ரஸ் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும்போதுதான். அந்தத் தாளில் உள்ள எண்ணைப் பார்த்துத்தான் பையன் கெட்டிக்காரனா, மக்கா என்று வீடு தீர்ப்புச் சொல்கிறது. ஒரு வருடம் தங்கிப் போனால் செலவும் கூடும், தெருவில் பேச்சும் வரும்.

பரீட்சை வேண்டுமா, வேண்டாமா என்று மந்திரிகள் பேசினார்கள். கல்வியாளர்கள் பேசினார்கள். பெற்றோர் சங்கங்களும் பேசின. பரீட்சை எழுதுகிற பிள்ளை அதைப் பற்றி என்ன நினைக்கிறது என்ற கேள்வி மட்டும் பின்னால் தள்ளப்பட்டது. அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் பரீட்சையை எடுத்தாலும் பலன் இல்லை, திரும்பக் கொண்டு வந்தாலும் பலன் இல்லை.

சட்டம் சொன்னது

இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ம் ஆண்டு நிறைவேறியது. 2010-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்தது. 8-ம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்தி வைக்கக் கூடாது, பள்ளியை விட்டு நீக்கவும் கூடாது என்று அதன் 16-வது பிரிவு கூறியது.

அதே சட்டத்தின் 29-வது பிரிவைப் பலர் படித்திருக்க மாட்டார்கள். பிள்ளை பயம், அதிர்ச்சி, மனக் கலக்கம் இல்லாமல் படிக்க வேண்டும். தன் கருத்தைத் தயங்காமல் சொல்ல வேண்டும். கூடியவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும். பாடத்தைப் புரிந்து கொண்டானா, அதைப் பயன்படுத்தத் தெரிகிறதா என்பதை ஆண்டு முழுவதும் கவனித்து மதிப்பிட வேண்டும் என்று அது சொல்கிறது. 'பெயில் போடக் கூடாது' என்பதும், 'ஆண்டு முழுவதும் கவனித்துச் சொல்லிக் கொடு' என்பதும் ஒரே வண்டியின் இரண்டு சக்கரங்கள்.

ஆனால் ஓடியது ஒரு சக்கரம்தான். பெயில் நின்றது. கவனிப்போ பல பள்ளிகளில் பைலில் நின்றது. ஆசிரியருக்குப் படிவம் நிரப்பும் வேலை கூடியது. பிள்ளைக்கு எது வரவில்லை என்று கண்டுபிடித்துச் சொல்லிக் கொடுக்க நேரமும் ஆளும் வரவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளையும் அடுத்த வகுப்புக்குப் போனது. ஆண்டுதோறும் பாடம் கடினமானது. பிள்ளை வாய் மூடிக் கடைசி பெஞ்சுக்குப் போனது.

திரும்பிய காரணம்

இதனால் குறை சொன்னவர்களின் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. கிராமப்புற இந்தியாவில் நடத்தப்பட்ட 2024-ம் ஆண்டு 'ஏசர்' ஆய்வின்படி, 5-ம் வகுப்புப் பிள்ளைகளில் சுமார் பாதிப் பேரால் 2-ம் வகுப்புப் பாடத்தைக்கூட வாசிக்க முடியவில்லை. "பரீட்சை இல்லாவிட்டால் பையன் புத்தகத்தைத் தொட மாட்டேன் என்கிறான்" என்று சொல்லும் தாய்மார்கள் எல்லா ஊரிலும் உண்டு.

2012-ம் ஆண்டில் அரியானா கல்வி மந்திரி கீதா புக்கல் தலைமையில் ஒரு குழு இதை ஆராய அமைக்கப்பட்டது. கடைசியாக 2019-ம் ஆண்டு ஜனவரியில் சட்டம் திருத்தப்பட்டது. 5, 8-ம் வகுப்புகளில் பரீட்சை நடத்தலாம், மறு பரீட்சையிலும் தவறினால் நிறுத்தி வைக்கலாமா, வேண்டாமா என்பதை அந்தந்த அரசு முடிவு செய்யலாம் என்று ஆனது. 2024-ம் ஆண்டு டிசம்பரில் மத்திய அரசு தன் விதியை வெளியிட்டது. ரெயில்வே, பாதுகாப்புத் தொழிற்சாலை ஊழியர்களின் பிள்ளைகள் பலர் படிக்கும் கேந்திரிய வித்யாலயாக்களையும் அது கட்டுப்படுத்தும்.

தமிழ்நாட்டில் கதை வேறு. அங்கும் 2019-ம் ஆண்டு 5, 8-ம் வகுப்புகளுக்குப் பொதுத் தேர்வு என்று அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியது. 2020-ம் ஆண்டு பிப்ரவரியில் அறிவிப்பை ரத்து செய்தார்கள். 2025-ம் ஆண்டு ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் 8-ம் வகுப்பு வரை எல்லோரும் தேர்ச்சி என்ற முறையையே வைத்துக் கொண்டது. ஊரில் இருக்கும் சித்தப்பா பையன் நிற்காமல் மேலே போகிறான். உல்லாஸ்நகரில் இருக்கும் பெரியப்பா பையன் அதே வகுப்பில் நிற்கக் கூடும். படிப்பில் இருவரும் ஒரே நிலையில் இருந்தாலும் இப்படித்தான். விடுமுறைக்கு ஊருக்குப் போகிற பிள்ளையிடம் உறவினர்கள் முதலில் கேட்பதும் இதைத்தான்.

பிள்ளைகள் சொன்னது

பிள்ளைகளிடம் கேட்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2022-ம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் என்.சி.இ.ஆர்.டி. நிறுவனம் நாடு முழுவதும் 6-ம் வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரை உள்ள மாணவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தியது. 3 லட்சத்து 79 ஆயிரம் பேருக்கு மேல் பதில் அளித்தார்கள். மனக் கலக்கத்துக்குக் காரணம் எது என்று கேட்டபோது 81 சதவீதம் பேர் படிப்பு, பரீட்சை, ரிசல்ட்டு என்றார்கள். பத்துப் பிள்ளைகளில் எட்டுப் பேர்!

இந்த எண்ணைப் பார்த்து, "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தைரியம் இல்லை" என்று சொல்லி விடுவது சுலபம். பிள்ளை எதற்குப் பயப்படுகிறது என்று பார்க்க வேண்டும். கேள்வித்தாளைக் கண்டு வரும் பயம் மணி அடித்ததும் போய் விடும். தாள் திருத்தி வந்த பிறகு வரும் பயம் வேறு. வகுப்பில் பெயரையும் மார்க்கையும் சேர்த்து உரக்கப் படிக்கும்போது வருவது அது. பக்கத்து வீட்டுப் பெண்ணோடு ஒப்பிட்டு அம்மா பேசும்போது வருவது அது. 'எனக்கு இந்தக் கணக்கு தெரியவில்லை' என்ற நினைப்பு, 'நான் ஒன்றுக்கும் உதவாதவன்' என்ற நினைப்பாக அங்கேதான் மாறுகிறது.

வாத்தியார் 50-க்கு 12 என்று போடுகிறார். அது அன்றைய தாளைப் பற்றி அவர் எழுதிய குறிப்பு. பிள்ளையோ அதைத் தன்னைப் பற்றிய தீர்ப்பாகப் படிக்கிறது. அவர் சொன்ன சேதி ஒன்று, பிள்ளை காதில் விழுந்த சேதி வேறு.

எந்தத் தையல் தப்பு?

இஸ்ரேல் நாட்டில் ரூத் பட்லர் என்ற ஆராய்ச்சியாளர் 1988-ம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆய்வு, ஆசிரியர்கள் நடுவே இன்றும் பேசப்படுகிறது. 5, 6-ம் வகுப்புப் பிள்ளைகளை மூன்று பிரிவாகப் பிரித்தார். முதல் பிரிவுக்கு மார்க்கு மட்டும். இரண்டாவது பிரிவுக்கு மார்க்கு இல்லை. எது சரி, எதைத் திருத்த வேண்டும் என்ற குறிப்பு மட்டும். மூன்றாவது பிரிவுக்கு இரண்டும் சேர்த்து. குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகளின் ஆர்வமும் வேலையும் உயர்ந்தன. மார்க்கும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்கள் நிலை ஏறக்குறைய மார்க்கு மட்டும் பெற்றவர்கள் நிலைதான். மார்க்கு கண்ணில் பட்டதும் குறிப்பைப் படிக்கிற மனம் போய் விடுகிறது என்பது இதில் கிடைக்கும் பாடம்.

பத்து ஆண்டு கழித்து, 1998-ல், லண்டன் கிங்ஸ் காலேஜைச் சேர்ந்த பால் பிளாக், டிலன் வில்லியம் இருவரும் இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வகுப்பிலேயே பிழையைக் கண்டு, உடனே திருத்த வழி காட்டினால் எல்லோருக்கும் பலன் உண்டு. அதிலும் பின்தங்கிய பிள்ளைகளுக்குத்தான் அதிகப் பலன் என்று எழுதினார்கள்.

உல்லாஸ்நகரில் ஜீன்ஸ் தைக்கும் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியது இல்லை. பீஸ் ரிஜெக்ட் ஆனால் எந்த மடிப்பு கோணல், எந்த இடத்தில் நூல் விட்டுப் போனது என்று மேஸ்திரி காட்ட வேண்டும். காட்டினால் அடுத்த பீஸ் சரியாக வரும். வெறுமனே '12 பீஸ்தான் தேறும்' என்று மூட்டையைத் தூக்கி எறிந்தால் கூலி போகுமே தவிர, தையல் திருந்தாது. பள்ளிக்கூடத்தில் வருடக்கணக்காக நடப்பது பெரும்பாலும் மூட்டையைத் தூக்கி எறியும் வேலைதான்.

ரகசிய ரிப்போர்ட்டு

ஆபீசில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு உதாரணம் இருக்கிறது. அரசு ஊழியர்களுக்கு முன்பு வருடாந்தர ரகசிய ரிப்போர்ட்டு என்று ஒன்று எழுதுவார்கள். மேலதிகாரி என்ன எழுதினார் என்பது ஊழியருக்குத் தெரியாது. மோசமான குறிப்பு இருந்தால் மட்டும் சொல்வார்கள். 'நல்லது' என்று எழுதியதாலேயே பதவி உயர்வு போனவர்களும் உண்டு. 'மிக நல்லது' வேண்டும் என்பது விதி.

எல்லை சாலை அமைப்பில் பணியாற்றிய என்ஜினீயர் தேவ் தத் தொடர்ந்த வழக்கில் 2008-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. எந்தக் குறிப்பானாலும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும், அதை எதிர்த்து மனுச் செய்ய அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பு. 2009-ம் ஆண்டு மத்திய அரசும் முழு ரிப்போர்ட்டையும் காட்ட உத்தரவு போட்டது.

ஐம்பது வயது ஊழியருக்கே, தன்னைப் பற்றி என்ன எழுதப்பட்டது, ஏன் எழுதப்பட்டது என்று தெரியாவிட்டால் மனம் கொதிக்கிறது. கோர்ட்டுக்குப் போகிறார். பத்து வயதுப் பிள்ளைக்கு எந்தக் கோர்ட்டு? ரிப்போர்ட்டு கையில் வருகிறது. மனுச் செய்ய இடம் இல்லை. 'சார், இந்தக் கேள்வி எனக்குப் புரியவில்லை' என்று சொன்னாலே வாய் நீளுகிறது என்று பெயர்.

நான்கு மொழிக்கு நடுவில்

வெளி மாநிலத்தில் வாழும் தமிழ்ப் பிள்ளைக்கு இதோடு இன்னொரு சுமையும் உண்டு. வீட்டில் தமிழ். தெருவில் இந்தி. பாடம் பலருக்கு ஆங்கிலத்தில். 2020-ம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டப்படி எந்த போர்டு பள்ளியானாலும் மராத்தி கட்டாயப் பாடம். வாழ்கிற மாநிலத்தின் மொழியைக் கற்பது நல்லது. வேலைக்கும் உதவும், மரியாதைக்கும் உதவும். அதில் இரண்டு கருத்து இல்லை. பரீட்சைத் தாளில் இந்த நான்கு மொழிகளும் ஒன்றோடு ஒன்று மோதுவதுதான் கவனிக்க வேண்டியது.

அப்பாவின் இட்லிக் கடையில் நின்று, பன்னிரண்டு இட்லி, ஆறு வடை, மூன்று டீ என்று வாய்க்கணக்காகச் சொல்லி, நூறு ரூபாய்க்குச் சில்லறை கொடுக்கும் பையன் ஒருவனை எடுத்துக் கொள்வோம். அதே கணக்கை ஆங்கிலத்தில் நான்கு வரிக் கதையாகக் கொடுத்தால் அவன் விழிக்கிறான். அவனுக்குக் கணக்கு தெரியும், வாக்கியம் புரியவில்லை. ஆனால் ரிப்போர்ட்டில் விழும் மார்க்கு கணக்குக்கு நேரேதான் விழும். 'எனக்குக் கணக்கு வராது' என்று அவனும் நம்பி விடுவான்.

இந்த வேதனை உல்லாஸ்நகருக்குப் புதிது அல்ல. ராணுவ முகாமாக இருந்த இடத்தில், தேசப் பிரிவினையில் எல்லாம் இழந்து வந்த சிந்தி மக்கள் குடியேறி, 1949-ல் பெயர் சூட்டப்பட்ட ஊர் இது. வந்தவர்கள் சிந்தி வழிப் பள்ளிகளை நடத்தினார்கள். பிறகு பிழைப்புக்கு ஆங்கிலம் வேண்டும் என்று பெற்றோர் திரும்பினார்கள்; சிந்தி வகுப்புகள் மெலிந்தன. தமிழ் வீடுகளும் அதே பாதையில்தான் நடக்கின்றன. ஆங்கிலம் கேட்கும் பெற்றோரின் ஆசையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மொழி மாறிய பிள்ளைக்கு நிலைகொள்ளச் சில வருடம் வேண்டும் என்பதை மார்க்குத் தாள் கணக்கில் எடுப்பது இல்லை.

அரசு நினைத்தால் இதைக் கவனிக்க முடியும் என்பதற்கும் சான்று உண்டு. கொரோனா காலத்தில் படிப்புக் கெட்டதால் மாநில போர்டு அல்லாத பள்ளிகளின் மாணவர்கள் மராத்தியில் திணறினார்கள். 2023-ம் ஆண்டு ஏப்ரலில், ஒரு தொகுதி மாணவர்களுக்கு மராத்தியில் மார்க்குக்குப் பதில் 'ஏ, பி, சி, டி' தரம் மட்டும் போடலாம் என்று மாநில அரசு விலக்கு அளித்தது. 2025-ம் ஆண்டு 1-ம் வகுப்பில் இருந்தே இந்தி என்ற உத்தரவு ஏப்ரலில் வந்து, பெரும் எதிர்ப்புக்குப் பின் ஜூன் 29-ந் தேதி வாபஸ் ஆனது. அந்தச் சண்டையில் மொழிப் பெருமை பற்றி அதிகம் பேசினார்கள். ஆறு வயதுப் பிள்ளையின் தலை எவ்வளவு தாங்கும் என்று பேசியவர்கள் குறைவு.

மற்ற இடங்களில்

தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் இன்னொரு ஊர் சிங்கப்பூர். பரீட்சைக்குப் பெயர் போன நாடு. அங்கேயே 2019-ல் இருந்து தொடக்கப் பள்ளியின் முதல் இரண்டு வகுப்புகளுக்கு மார்க்குப் பரீட்சையை நீக்கினார்கள். வகுப்பில் எத்தனையாவது இடம் என்பதை ரிப்போர்ட்டு புத்தகத்தில் இருந்து எடுத்தார்கள். 2023-க்குள் அரையாண்டுப் பரீட்சைகளும் எல்லா வகுப்புகளிலும் நின்றன. படிப்பு என்பது போட்டி அல்ல என்று பிள்ளைகள் உணர வேண்டும் என்பதே அந்த அரசு சொன்ன காரணம். தமிழ்நாட்டிலும் 2017-ல் இருந்து எஸ்.எஸ்.எல்.சி., பிளஸ்-2 ரிசல்ட்டில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று பட்டியல் போடுவதை நிறுத்தி விட்டார்கள்.

நம் நாட்டில் இந்தப் பேச்சை டெல்லி மேல்-சபையில் எழுப்பியவர் சென்னையில் பிறந்த எழுத்தாளர் ஆர்.கே. நாராயண். நியமன உறுப்பினராக இருந்த அவர் 1989-ம் ஆண்டு பிள்ளைகளின் புத்தகப் பையைப் பற்றிப் பேசினார். பிறகு விஞ்ஞானி யஷ்பால் தலைமையில் குழு அமைந்து, 1993-ல் அறிக்கை தந்தது. தோளில் தொங்கும் பையை விட, புரியாமல் படிப்பதே பெரிய சுமை என்பது அந்த அறிக்கையின் சாரம்.

இரண்டு மாதம்

இனி நடக்க வேண்டியது என்ன? சட்டம் மாறி விட்டது. அதில் பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. பரீட்சையில் தவறிய பிள்ளைக்குக் கூடுதலாகப் பாடம் சொல்லித் தர வேண்டும், ரிசல்ட்டு வந்த இரண்டு மாதத்துக்குள் மறு பரீட்சை வைக்க வேண்டும் என்று 2019-ம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. 'பெயில்' என்ற சொல் எல்லோர் வாயிலும் இருக்கிறது. 'கூடுதல் பாடம்' என்ற சொல் யார் வாயிலும் இல்லை. அந்தப் பாடம் நடக்காமல் மறு பரீட்சை மட்டும் வைத்தால், பிள்ளையை இரண்டு முறை அவமானப்படுத்தியதாகத்தான் முடியும்.

ஆகவே பிள்ளை தவறி விட்டால், அடிக்கவும் வேண்டாம், அழவும் வேண்டாம். பள்ளிக்குப் போய்க் கேட்க வேண்டும். கூடுதல் வகுப்பு எப்போது, எந்த ஆசிரியர், எந்தப் பாடம்? திருத்திய தாளைக் காட்டுங்கள், எங்கே தவறு? கேள்வி புரியாமல் தவறினானா, பாடம் புரியாமல் தவறினானா? ஒரு நாள் சம்பளம் போகிறதே என்று தயங்கினால் பிள்ளைக்கு ஒரு வருடம் போகும். 5, 8-ம் வகுப்பில் நிறுத்தி வைத்தாலும், 8-ம் வகுப்பு முடியும் வரை பள்ளியை விட்டு நீக்க முடியாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அரசுப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி எல்லாவற்றிலும் பள்ளி நிர்வாகக் குழு இருக்க வேண்டும். அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. இந்தக் குழுக்களில் தமிழ்த் தாய்மார்கள் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்? மராத்தி சரளமாக வராது என்ற கூச்சத்தில் ஒதுங்குகிறவர்கள், பிள்ளை பரீட்சை ஹாலில் படும் பாட்டை அப்போது உணரலாம். இருவருக்கும் தடையாக நிற்பது ஒரே மொழிக் கூச்சம்தான்.

2020-ம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை, ஆசிரியர் எழுதும் மதிப்பீட்டோடு பிள்ளை தன்னைப் பற்றித் தானே எழுதும் மதிப்பீடும் பிராக்ரஸ் ரிப்போர்ட்டில் இடம் பெற வேண்டும் என்கிறது. எந்தப் பள்ளியில் அப்படி ஓர் இடம் விட்டிருக்கிறார்களோ, அங்கே அதை அம்மா சொல்ல, அக்கா எழுதி நிரப்ப வேண்டாம். பிள்ளையே எழுதட்டும். இடம் விடாத பள்ளியானால், கையெழுத்துப் போடும் முன் தகப்பன் ஒரு கேள்வி கேட்கலாம்: "இதில் உனக்கு எது கஷ்டமாக இருந்தது?"

பதில் வரக் கொஞ்ச நேரம் ஆகும். இதுவரை யாரும் கேட்டது இல்லை என்பதால் பிள்ளை முதலில் முழிக்கும். ரெயிலுக்கு நேரம் ஆனாலும் பொறுத்திருந்து கேட்க வேண்டும். கூடுதல் பாடம் எங்கே தொடங்க வேண்டும் என்பது அந்தப் பதிலில்தான் இருக்கிறது.